வெய்யிலுக்குப் பயந்த அம்மிணிக்கு அப்புச்சி சொன்ன பழமை

அங்கயே நில்லு அம்மிணி, ஆசாரத்தத் தாண்டி வாசலுக்கு வந்துராத. மணி 11 ஆகப் போகுது. ஒரு எட்டு வெளிய வெச்சீன்னா உன்ற நெறம் உருகி ஓடிரும்னு உங்கம்மா நேத்தே போன் பண்ணிச் சொல்லீட்டா. தை மாசம் கல்யாணமாம், அதுவரைக்கும் உன்மேல வெய்யிலே படக்கூடாதாம். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க உன்ற படிப்பக் கேட்டாங்களா, சம்பளத்தக் கேட்டாங்களா, இல்ல டார்ச் அடிச்சு மூஞ்சிய மட்டும் பாத்துட்டுப் போயிட்டாங்களா? சரி சரி, கோவிச்சுக்காத. இந்தக் கயித்துக் கட்டல்ல உக்காரு. உங்கம்மாயி காப்பித் தண்ணி வெக்கறா, அதுக்குள்ள ரெண்டு பழமை பேசலாம். பள்ளிக்கூடத்துல சயின்ஸ் வாத்தியாரு, ஊட்டுக்கு வந்தா வெள்ளாமைன்னு காலத்த ஓட்டுனவன் நானு. வெய்யிலப் புஸ்தகத்துலயும் படிச்சிருக்கறேன், முதுகுலயும் படிச்சிருக்கறேன்.

முதல்ல அந்த டியூபக் காட்டு. எஸ்.பி.எஃப். 50. பேஷ். வெலையச் சொல்லு. அடேயப்பா, எருமைக்குப் பத்து நாளு தவுடு வாங்கலாமே! எவ்வளவு எடுத்துத் தடவறே? பட்டாணி அளவா? நல்ல புள்ள. சிக்கனம்னா இதான் சிக்கனம். அந்த 50-ங்கற நம்பரு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? ஆய்வுக்கூடத்துல ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம்னு அப்பிப் போட்டுச் சோதிச்ச நம்பரு அது. மூஞ்சிக்கும் கழுத்துக்கும் கணக்குப் பண்ணுனா ரெண்டு வெரலு நீளத்துக்குப் பிதுக்கோணும். அப்படிப் பிதுக்குனா 50 கிராம் டியூப் ஒண்ணரை மாசத்துக்கு மேல தாங்காது. உன்றது போன தீவாளிக்கு வாங்குனது, இன்னும் பாதி கெடக்குது. நம்பரு 50 டியூபு மேல பத்திரமா இருக்குது கண்ணு, உன்ற மூஞ்சி மேலதான் இல்ல.

இன்னொரு கூத்துக் கேளு. சரியான அளவு தடவுனா 15-ம் நம்பரு நூத்துக்கு 93 பங்கு பி கதிரத் தடுக்குது. 30 போட்டா 97. 50 போட்டா 98. முப்பதுல இருந்து அம்பதுக்குப் போறதுல ஏறுறது ஒரே ஒரு பங்கு. வெலை எவ்வளவு ஏறுதுன்னு கடைக்காரனக் கேளு, அவன் சிரிப்பான். ஆனா நம்ம ஆளுங்க தடவற லட்சணத்துக்குப் பெரிய நம்பரே வாங்கிக்கோன்னு டாக்டருங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குது. வேர்வையில கரையும், துப்பட்டாவுல ஒட்டும், ரெண்டு மணி நேரத்துக்கொருக்கா மறுபடி தடவோணும். நீ காலையில 8 மணிக்குத் தடவுனத நம்பிச் சாயந்தரம் வரைக்கும் தெகிரியமாத் திரியற. உன்ற தெகிரியத்துக்குப் பட்டாளத்துல எடுத்துக்குவாங்க.

ஏ கதிரு, பி கதிருன்னா யாருன்னு முழிக்கற பாரு. சொல்றேன். 1800-ல இங்கிலாந்துல வில்லியம் ஹெர்ஷல்னு ஒருத்தரு, வெய்யிலப் பட்டகத்துல விட்டு ஏழு கலராப் பிரிச்சு, ஒவ்வொரு கலருலயும் தெர்மாமீட்டர் வெச்சு எது சூடுன்னு பாத்தாரு. செவப்புக்கும் அந்தண்டை, ஒரு கலரும் இல்லாத வெத்து எடத்துல வெச்சப்பதான் சூடு ஜாஸ்தி ஏறுச்சு. மறு வருஷம் ஜெர்மனியில யேனாங்கற ஊருல யோஹான் ரிட்டர்னு ஒருத்தரு, செவப்புக்கு அந்தண்டை ஒண்ணு இருந்தா ஊதாவுக்கு அந்தண்டையும் ஒண்ணு இருக்கோணுமேன்னு யோசிச்சாரு. வெளிச்சம் பட்டாக் கறுத்துப் போற வெள்ளி உப்பு இருக்குதல்ல, சில்வர் குளோரைடு, அத ஊதாவுக்கு அப்பால, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாத எடத்துல வெச்சாரு. ஊதாவுல வெச்சத விட அங்க வெரசாக் கறுத்துப் போச்சு. அதுதான் புற ஊதாக் கதிரு.

இதுல நீ கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்குது. அனலு இருக்கறது ஒரு கோடியில, தோலக் கெடுக்கறது மறு கோடியில. ரெண்டுக்கும் நடுவுல ஏழு கலரும் நிக்குது. அனலு அடிக்கலைன்னா கதிரும் இல்லைன்னு நெனைக்கறவங்க இருக்காங்க பாரு, அவங்களுக்காகத்தான் சர்க்காரு ஊட்டிக்கு பஸ் விட்டிருக்குது. போன மே மாசம் ஊட்டிக்குப் போயிட்டு வந்து, "குளுகுளுன்னு இருந்துச்சுங்க அப்புச்சி"ன்னு மூக்கு தோலுரிஞ்சு நின்னது யாரு? ஊட்டி 2,240 மீட்டர் ஒசரம். ஆயிரம் மீட்டர் ஏற ஏறக் கதிரு நூத்துக்குப் பத்துப் பங்கு மாதிரி கூடிட்டே போகும், வடிகட்டக் காத்து கம்மி. மேகமூட்டமா இருந்துச்சுன்னு வேற சொன்ன. லேசான மேகம்னா நூத்துல 80 பங்கு வரைக்கும் கீழ வந்துரும். அன்னைக்கு ஒண்ணுமே தெரியலைன்னியே, தெரியாது. வெய்யில் சுட்ட செவப்பு அரை நாளு, ஒரு நாளு கழிச்சுத்தான் உச்சத்துக்கு வரும். அதுக்குள்ள நீங்க படகு சவாரியெல்லாம் முடிச்சு, வர்க்கி வாங்கிட்டு, மேட்டுப்பாளையம் எறங்கியிருப்பீங்க.

ஏ-ங்கறது 315-ல இருந்து 400 நானோமீட்டர் வரைக்கும். பி 280-ல இருந்து 315. அதுக்குக் கீழ சி, அவன்தான் பொல்லாதவன், ஆனா மேல ஓசோன் அவன மொத்தமா நிறுத்திருது. பி-யிலயும் முக்காவாசிக்கு மேல அங்கயே நின்னுரும். தரைக்கு வர்றதுல நூத்துக்கு 95 பங்கு ஏ-தான். மேல இருந்தே சுட்டுச் செவக்க வெக்கறவன் பி. சத்தமில்லாம ஆழமாப் போயித் தோலுக்குக் கட்டுமானமா இருக்கற கொலாஜன அறுக்கறவன் ஏ. எஸ்.பி.எஃப். நம்பரு முக்கியமா பி-க்குத்தான். ஏ-க்குப் பி.ஏ.-ன்னு போட்டுப் பக்கத்துல கூட்டல் குறி அடிச்சிருப்பான். உன்ற டியூபத் திருப்பிப் பாரு, எத்தனை கூட்டல்? பாத்ததே இல்லையா? கலரு டப்பாவப் பாத்து வாங்குனியாக்கும்.

"நானு வெளியவே போறதில்லைங்க, போனாலும் கார்லதானுங்க." தெரியும், சொல்லுவேன்னு தெரியும். பி கதிருக்குக் கண்ணாடியத் தாண்டத் தெம்பு கெடையாது. ஏ தாண்டிரும். அமெரிக்காவுல ஒரு லாரி டிரைவர், 69 வயசு. 28 வருஷம் வண்டி ஓட்டியிருக்காரு. 2012-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல அவரு படத்தப் போட்டாங்க. வலது கன்னம் வயசுக்குத் தகுந்தாப்பல இருக்குது. இடது கன்னம் தொங்கி, மடிப்பு மடிப்பா, இன்னும் இருவது வயசு கூட்டிச் சொல்லலாம். அவங்க ஊருல ஸ்டீரிங் இடது பக்கம், சன்னல் கண்ணாடியும் அந்தப் பக்கம். நம்மூருல வலது பக்கம். உங்க மாமன் லாரி ஓட்டறானல்ல, நாளைக்குச் சோத்துக்கு வருவான், ரெண்டு கையையும் ஒண்ணாச் சேத்து வெச்சுப் பாரு. வலது கை ஒரு ஊட்டுது, இடது கை இன்னொரு ஊட்டுதுன்னு சத்தியம் பண்ணலாம். முன் கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் தகடு வெச்சு ஒட்டியிருப்பாங்க, அது ஏ-யையும் பெரும்பாலும் நிறுத்திரும். பக்கத்துக் கண்ணாடிக்கு அந்தக் கெட்டி இல்ல. பெங்களூருல உன்ற ஆபீசுல உன்ற மேசை எங்கிருக்குது? சன்னலோரமா? போராடி வாங்குன எடமா? சந்தோசம். ஏசி காத்துல உக்காந்துட்டே வெள்ளாமைக்காரி மாதிரி சுருக்கம் வாங்கறதுக்கு எவ்வளவு படிக்க வேண்டியிருக்குது பாரு.

இப்ப எந்திரிச்சுக் கிட்ட வா. என்ற பொடனியப் பாரு. கை வெச்சுப் பாரு, கடிக்காது. தோலு தடிச்சு, குறுக்கும் நெடுக்கும் கோடு விழுந்து, சாய்சதுரம் சாய்சதுரமா வெட்டிப் போட்டிருக்குதா? வெவசாயி கழுத்துன்னே வெள்ளைக்கார வைத்தியருங்க இதுக்குப் பேரு வெச்சிருக்காங்க. குனிஞ்சு களை வெட்டறவன், நாத்து நடறவன், மீன் வலை இழுக்கறவன், உலகத்துல எங்க இருந்தாலும் அவன் கழுத்துல இந்தக் கட்டம் இருக்கும். இரு, ஓடாத, வேட்டி மடிப்ப ரெண்டு வெரக்கடை எறக்கறேன். இடுப்பப் பாரு. வழவழன்னு இருக்குதா? ஒரு சுருக்கம் இருக்குதா? கழுத்தும் இதுவும் ஒரே நாள்ல பொறந்ததுதான் சாமி. ஒண்ணு வெய்யிலப் பாத்துச்சு, ஒண்ணு பாக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம். வயசாயிருச்சு, வயசாயிருச்சுன்னு எல்லாரும் என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லும்போது, இடுப்பக் காட்ட முடியாம நானு படற அவஸ்தை எனக்குத்தான் தெரியும்.

பாத்தியா, கழுத்துல கட்டம் விழுந்ததப் பத்தி நீ ஒண்ணும் கேக்கலை. "அப்புச்சி, கழுத்து இவ்வளவு கறுப்பா இருக்குதுங்களே"ன்னுதான் கேட்ட. உனக்குக் கவலையெல்லாம் கறுப்பு மேலதான். அதச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

மேல்தோலுக்கு அடி வரிசையில மெலனின் செய்யற அணுக்கள் இருக்குது. உனக்கு எத்தனையோ, ஏறக்குறைய அத்தனையேதான் வெள்ளைக்காரிக்கும், ஆப்பிரிக்காக்காரிக்கும். எண்ணிக்கையில வஞ்சனை இல்ல. செய்யற சரக்கோட அளவுலயும், அத அடைச்சு அனுப்பற பையோட பருமன்லயும்தான் வித்தியாசம். அந்தப் பைங்க பக்கத்து அணுக்களுக்குள்ள போயிச் சும்மா செதறிக் கெடக்கறதில்ல. உள்ள டி.என்.ஏ. இருக்கற உட்கருவுக்கு மேல, வெய்யில் வர்ற பக்கமாப் பாத்து, குடை புடிச்ச மாதிரி கவிஞ்சு நிக்கும். நுண்ணோக்கியில பாத்தா அசந்து போயிருவே. எந்தப் பொறியாளரும் சொல்லிக் குடுக்கலை, எந்தப் பக்கம் வெய்யிலு வருதுன்னு.

அந்தக் குடையத் தாண்டி பி கதிரு உள்ள போச்சுன்னா, டி.என்.ஏ. ஏணியில அடுத்தடுத்து நிக்கற ரெண்டு தைமின் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எழுத்து பிசகிப் போச்சுன்னு அர்த்தம். அணுவே அந்தத் துண்ட வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெச்சுத் தெச்சுக்கும். எப்படி வெட்டுது, எப்படித் தெக்குதுன்னு கண்டுபுடிச்சவரு அஜீஸ் சஞ்சார், துருக்கியில சவூர்ங்கற சின்ன ஊருல பொறந்தவரு. 2015-ல வேதியியலுக்கு நோபல் குடுத்தாங்க, இன்னும் ரெண்டு பேரோட சேத்து. இந்தத் தெச்சுக்கற வேலை பொறவியிலயே இல்லாத கொழந்தைங்க இருக்குது. அதுங்களுக்கு நாம வாசல்ல நிக்கற வெய்யிலே போதும், பத்து வயசுக்குள்ள தோலுல புத்து வந்துரும். ராத்திரியிலதான் வெளையாட விடுவாங்க. நம்ம ஒடம்பு சத்தமில்லாமச் செய்யற வேலைக்கு எவ்வளவு மதிப்புன்னு அவங்க ஊட்டுல கேட்டாத் தெரியும்.

சரி, டி.என்.ஏ. அடிபட்டதும் அணு சும்மா இருக்காது. மெலனின் செய்யற ஆளுக்குச் சேதி அனுப்பும். அவன் சரக்கச் செஞ்சு அனுப்ப ரெண்டு மூணு நாளு ஆகும். அப்பத்தான் நீ கண்ணாடி முன்னால நின்னு, "ஐயோ, கறுத்துட்டேன்"னு அழுகற. அடிச்சவன் ரெண்டு நாளைக்கு முன்னாலயே அடிச்சுட்டுப் போயிட்டான். நீ இப்பக் கை நீட்டி வையறது குடை புடிக்க வந்தவன. மெலனின் பேசாத சாதி, பேசுனா உன்னயக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கும்.

1979-ல அமெரிக்காவுல கணக்குப் பாத்தாங்க. நல்ல கறுத்த தோலுக்குப் பொறவியிலயே எஸ்.பி.எஃப். 13 கிட்ட இருக்குது, வெள்ளைத் தோலுக்கு 3 கிட்ட. நாம நடுவால. அதுவும் பட்டாணி அளவு கஞ்சத்தனம் இல்லாம, காது மடலு வரைக்கும் ஒரே சீரா, வேர்வையில கரையாம, ராத்திரி கழுவ வேண்டியதில்லாம. இத அழிக்கறதுக்குக் காசு குடுத்து ஒரு களிம்பு, அழிஞ்ச எடத்துக்குக் காவலா இன்னொரு களிம்பு. கடைக்காரன் ரெண்டு களிம்பையும் ஒரே அலமாரியில பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கான். அவன் புத்திசாலி.

அதுக்காகக் கறுப்பா இருந்தா வெய்யிலு ஒண்ணும் பண்ணாதுன்னு நானு சொன்னதா நாளைக்கு ஊரெல்லாம் சொல்லீராத. 13-ன்னா தப்பிச்சுக்கற அளவுதான், கோட்டைச் செவுரு கெடையாது. என்ற கழுத்தே சாட்சி. வெய்யில்ல நின்னு நின்னு ஏறுன கறுப்பு இன்னும் பலவீனம், 3, 4-ன்னுதான் கணக்கு வருது. உங்கம்மாயிக்குக் கன்னத்துல மங்கு விழுந்திருக்குதே, அது வெய்யிலு பாதி, பிள்ளைப் பேறோட வந்த சொரப்பு பாதி. கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே அத ஏத்தி விட்டுரும்னு இப்ப டாக்டருங்க சொல்றாங்க. அதுக்குச் சாதாக் களிம்பு பத்தாது, இரும்பு ஆக்சைடு கலந்த, தோலு நெறத்துல வர்ற களிம்பு வேணும். இவ ஜாதிக்காய இழைச்சு இழைச்சு, கல்லு தேஞ்சதுதான் மிச்சம்.

இப்ப நெசமான கூத்துக்கு வர்றேன். உன்ற கைப்பையில இன்னொரு பொட்டலம் பாத்தேனே, பாலுல கலக்கிக் குடிக்கற தூளு. அறுபதாயிரம் யூனிட் வைட்டமின் டி, வாரம் ஒண்ணு. டாக்டரு எழுதிக் குடுத்தாரா? மூட்டு வலியா? இருவத்தாறு வயசுல! பங்குனி, சித்திரையில மத்தியானம் புற ஊதாக் குறியீடு 11-ஐச் சுளுவாத் தாண்டற ஊருல பொறந்துட்டு, வெய்யிலப் பொட்டலம் கட்டி மெடிக்கல்ல வாங்கிக் குடிக்கற. ஒன்ன மட்டும் சொல்லப்படாது, நாடு பூராம் இதே கதை. தோலுக்குள்ள இருக்கற ஒரு கொழுப்புச் சரக்கு மேல பி கதிரு பட்டாத்தான் டி உருவாகும், அப்பறம் ஈரலும் கிட்னியும் ஆளுக்கொரு கை போட்டு அத வேலைக்கு ஆகற மாதிரி மாத்தும். 1919-லயே பெர்லின்ல ஹுல்ட்ஷின்ஸ்கிங்கற டாக்டரு, எலும்பு வளைஞ்ச கொழந்தைங்களப் பாதரச வெளக்கு முன்னால உக்கார வெச்சுத் தேத்திக் காட்டியிருக்காரு. அவங்களுக்கு வெய்யிலு இல்ல, வெளக்கு வெச்சாங்க. நமக்கு வெய்யிலு இருக்குது, திரை போட்டுக்கறோம்.

உங்க பெரியப்பன் ஒருத்தன், காலையில 6 மணிக்குத் தொப்பி, முழுக்கை பனியன், காலுறை எல்லாம் மாட்டிட்டு எளவெய்யில்ல நடக்கறான், வைட்டமின் டி-யாம். அந்த நேரத்துல பொழுது சாஞ்ச வாக்குல வருது, பி கதிரு காத்து மண்டலத்தத் தாண்டி வந்து சேர்றதே அபூர்வம். நடக்கறது நல்லதுதான், வயிறு கொறையும், டி ஏறாது. நெழலப் பாரு. உன்ற நெழலு உன்ற ஒசரத்த விடக் குட்டையா இருந்தா பி கதிரு வருதுன்னு அர்த்தம். நீ பயந்து ஓடி ஒளியற அதே பகல் பொழுதுதான். மூஞ்சிய மூடிக்க, ஆரு வேண்டாங்கறா? கையும் காலும் சித்த நேரம் காட்டு, வாரத்துல சில நாளு. நெறம் கூடக் கூடக் கொஞ்சம் கூட நேரம் ஆகும். செவக்கற வரைக்கும் நிக்கறதுல லாபமே இல்ல. மிஞ்சி வர்றத அதே வெய்யிலு ஒண்ணுக்கும் உதவாத சரக்கா மாத்திப் போட்டுரும், வெய்யில்னால டி ஜாஸ்தியாயிச் செத்தவன் கெடையாது. பொட்டலத்துக்கு அந்த நாணயம் இல்ல. வாரம் ஒண்ணுன்னத நாளைக்கு ஒண்ணுன்னு முழுங்குனா ரத்தத்துல கால்சியம் ஏறிப் படுக்க வெச்சுரும்.

புத்துநோயப் பத்திக் கேட்ட. வெள்ளைத் தோலுக்குப் பயம் ஜாஸ்தி. பிரிட்டன், அயர்லாந்துப் பக்கத்துல இருந்து ஆஸ்திரேலியா வெய்யிலுக்குப் போயிக் குடியேறுனவங்க படற பாட்டப் பாரு, 70 வயசுக்குள்ள மூணு பேர்ல ரெண்டு பேருக்கு ஏதாவதொரு தோல் புத்து. சட்டையப் போடு, களிம்பத் தடவு, தொப்பியக் கவுத்துன்னு 1981-ல இருந்து டி.வி.யில பாட்டுப் பாடிச் சொல்றாங்க. நம்ம நெறத்துக்கு அது ரொம்பக் கொறைவு. ஆனா நமக்கு வர்ற பொல்லாத கட்டி பல நேரம் வெய்யிலே படாத எடத்துல வரும், உள்ளங்காலு, உள்ளங்கை, நகத்துக்கு அடியில. ஜமைக்காப் பாட்டுக்காரரு பாப் மார்லி 36 வயசுல போய்ச் சேந்தாரே, கால் வெரலு நகத்துக்கு அடியில வந்ததுதான் ஆரம்பம். மூஞ்சிய நாளைக்கு அம்பது தடவை செல்போன்ல பாக்கற, குளிக்கும்போது ஒருக்காக் காலத் தூக்கி உள்ளங்காலப் பாரு. புதுசா ஒரு கறுப்பு மச்சம், ஓரம் கோணலா, வளந்துட்டே போச்சுன்னா தோல் டாக்டருகிட்டப் போ.

களிம்பும் வேண்டாம், கட்டுப்பாடும் வேண்டாம், வெய்யில்லயும் வேலை செய்யோணும்னா யாருகிட்டக் கேக்கோணும் தெரியுமா? அதா, மஞ்சக் காட்டுல களை எடுக்கறாங்களே, அவங்களக் கேளு. சேலைக்கு மேல ஊட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டை, பொத்தான் கழுத்து வரைக்கும். தலையில துண்டு, அதுல ஒரு முனை பொடனிய மூடித் தொங்குது. பவுனு போடறதுக்கு வழியில்லாட்டியும் பொடனிய மூடறதுக்கு வழி கண்டுபுடிச்சிருக்காங்க. நெருக்கமா நெசஞ்ச, அழுத்தமான கலருத் துணி கதிர நல்லா நிறுத்தும். நீ போட்டிருக்கற வெள்ளை மெல்லிசு டாப்பு, அதுவும் வேர்வையில நனைஞ்சுட்டா, நெறையவே வழி விட்டுரும். போன வருசம் அவங்க சட்டையப் பாத்து நீ சிரிச்ச. அவங்க என்ற பொடனியப் பாத்துச் சிரிச்சாங்க, அதுல நியாயம் இருந்துச்சு.

அவங்க விட்டுட்ட எடம் ஒண்ணு உண்டு, கண்ணு. வெள்ளை முழியில மூக்குப் பக்கத்துல இருந்து சதை வளந்து கருமுழிய மறைக்க வருமல்ல, காட்டு வேலை செய்யறவங்களுக்கும் கடல் வேலை செய்யறவங்களுக்கும் ஜாஸ்தி. புரையும் வெரசா விழும். உன்ற கறுப்புக் கண்ணாடியக் கேலி பண்ணிட்டே இருப்பேன்னு நெனைச்ச, அது ஒண்ணுதான் உன்ற பையில உருப்படியான சாமான். புற ஊதா 400-னு ஒட்டுக் குத்தியிருந்தாப் பத்தரமா வெச்சுக்க. இல்லைன்னா எனக்குக் குடுத்துரு, கோயில் நோம்பிக்குப் போட்டுக்கறேன்.

கடைசியா அந்தச் சின்ன டியூப். அது என்ன? மெடிக்கல்காரன் குடுத்தானா, ஒரு வாரத்துல வெளுக்கும்னு? படி, பொடி எழுத்த. ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மூணும் ஒண்ணா. ஒரு வாரத்துல வெளுக்குந்தான், அவன் பொய் சொல்லலை. ஒரு வருசத்துல தோலு மெலிஞ்சு, செவத்த நரம்பு தெரிஞ்சு, பரு பொரிஞ்சு, மீசை மொளைச்சு, வெய்யிலு பட்டாலே எரியும். விட்டா இன்னும் எரியும். டாக்டரு சீட்டு இல்லாம விக்கப்படாதுன்னு 2018-லயே சட்டம் வந்தாச்சு. சட்டம் வந்தது நமக்குத் தெரியும், மெடிக்கல்காரனுக்கு இன்னும் சேதி போய்ச் சேரலை. அதத் தோல் டாக்டருகிட்டயே கொண்டு போய்க் காட்டு, திடுக்குனு நீயா நிறுத்தாத.

கையில மறைக்கற பாரு, அது என்ன? எலுமிச்சம்பழமா? செல்போன்ல ஒரு பொண்ணு சொன்னாளாக்கும், மூஞ்சியில தேச்சு அரை மணி நேரம் வெச்சா வெளுக்கும்னு. தேயி. தேச்சுட்டு அப்படியே வாசலுக்குப் போ. எலுமிச்சந்தோலுல சோரலன் வகையறாச் சரக்கு ஒண்ணு இருக்குது. ஏ கதிரு அது மேல பட்டுதுன்னா மறுநாளு கொப்பளம், கொப்பளம் ஆறுனா மாசக் கணக்குல கறுப்புத் தழும்பு. வெளுக்கறதுக்குத் தேச்சுக் கறுக்கறதுக்கு இத விடச் சல்லிசான வழி இல்ல. அதே சரக்குத்தான் நாட்டு மருந்துக் கடையில கார்போகரிசியிலயும் இருக்குது. வெண்புள்ளிக்கு அரைச்சுப் பூசி வெய்யில்ல காட்டச் சொன்னாங்க நம்ம பழைய வைத்தியருங்க. எகிப்துல நைல் கரைச் செடியிலயும் அதே மாதிரி, அங்க 1940-கள்ல எல் மொஃப்டிங்கற டாக்டரு அத ஆராஞ்சு நவீன வைத்தியத்துக்குக் கொண்டாந்தாரு. இப்ப ஆஸ்பத்திரியில பொட்டி மாதிரி அறைக்குள்ள நிக்க வெச்சு, நிமிசக் கணக்குல கதிர அளந்து குடுக்கறாங்க. மருந்தே இல்லாம 311 நானோமீட்டர் கதிர மட்டும் காட்டற வைத்தியமும் வந்துருச்சு. அளந்து குடுத்தா அது வைத்தியம். அளவில்லாம நீ செல்போனப் பாத்துச் செஞ்சா, அந்தக் கொப்பளத்துக்கு நானு வேப்பெண்ணெய் தேடோணும்.

இப்படிக் குடு அந்தப் பழத்த. ரெண்டு நாளா ஜாடியில ஒண்ணு கொறையுது, கொறையுதுன்னு உங்கம்மாயி தேடிட்டிருந்தா. நறுக்கி உப்புப் போட்டாச்சு, ஜாடிக்கு வேடு கட்டி அடுப்படியில வெச்சிருக்கா. மொட்டை மாடியில வெய்யிலுக்கு வெக்கோணும், எனக்கு முட்டி வலி, படி ஏற முடியறதில்ல. மணி பன்னண்டாகுது, நெழலும் குட்டையாயிருச்சு. கண்ணாடிய மாட்டிக்க, துண்டத் தலையில போட்டுக்க, என்ற பழைய சட்டை கொடியில கெடக்குது, வேணும்னா அதையும் போட்டுக்க, ஆனாக் கைய முழங்கை வரைக்கும் சுருட்டி உட்டுக்க. ஜாடி கனமா இருக்கும், ரெண்டு கையாலயும் புடி. பூனை வந்தா வெரட்டோணும், அதனால கால் மணி நேரம் அங்கயே நின்னுட்டு வா.